பதிலை மனப்பாடம் செய்யலாமா?

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." நேர்காணலில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பதற்கு மிக எளிது. நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ன? ஆனால், பதில் சொல்லத் தொடங்கியதும் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பெயரையும் வயதையும் பள்ளியின் பெயரையும் சொல்லி முடித்த பிறகு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் திருதிருவென விழிக்கிறார்கள்.

இந்த அனுபவம் உங்களுக்கு வெகுதொலைவில் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள், தேர்வு முடிவுகள் வருவதற்கு முன்பே முன்கூட்டிய மாணவர் சேர்க்கைத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், ஒரு துறையில் மாணவருக்கு உள்ள ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் வழங்கும் திட்டம் அது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் இத்தகைய திட்டம் உண்டு. ஆர்வத்தை எப்படி அறிவது? மாணவரை அழைத்துப் பேசிப் பார்ப்பதும் அதற்கு ஒரு வழி. ஆண்டிறுதி விடுமுறையில் பகுதிநேர வேலை தேடிப் போனாலும், கடை மேலாளர் நான்கைந்து கேள்விகளாவது கேட்பார்.

இதற்கெல்லாம் பதில்களைத் தயார்செய்ய வேண்டுமா? "வேண்டாம், இயல்பாகப் பேசினால் போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். "எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதி மனப்பாடம் செய்துவிடு" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். என்னால் இரண்டையும் ஏற்க முடியவில்லை. அதிலும் முதல் அறிவுரை, கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், நியாயமற்றது என்பேன்.

ஒரு வீட்டில் பெற்றோர் இருவரும் அலுவலகத்தில் உயர்பொறுப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு உணவின்போது அலுவலகக் கூட்டம், புதிய ஊழியர், வாடிக்கையாளரின் புகார் என்று பேச்சு நடக்கும். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று பிள்ளையிடமும் கேட்பார்கள். இன்னொரு வீட்டில் தந்தைக்கு இரவு நேர வேலை. தாயார் விடியற்காலையிலேயே உணவுக்கடைக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. உட்கார்ந்து பேசத்தான் நேரமில்லை. முதல் வீட்டுப் பிள்ளை, தனக்கே தெரியாமல் பத்து ஆண்டுகளாக நேர்காணலுக்குப் பயிற்சி எடுத்திருக்கிறது. இருவரிடமும் "இயல்பாகப் பேசு" என்று சொன்னால், யார் பயனடைவார்? பலரிடம் நாம் 'இயல்பு' என்று பாராட்டுவது நெடுநாள் பழக்கம்தான். அந்தப் பழக்கம் வீட்டில் கிடைக்காதவர், அதைத் தாமே தேடிக்கொள்வதில் என்ன தவறு?

நேர்காணலில் எப்போதும் இத்தகைய கேள்விகளே கேட்கப்பட்டன என்று சொல்ல முடியாது. புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளரான தாமஸ் எடிசன், தம்மிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு 100க்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்தார். 1921இல் அந்தக் கேள்விகள் செய்தித்தாளில் வெளியாகிப் பெரும் விவாதத்தைக் கிளப்பின. அதே ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றிருந்த அறிவியலாளர் ஐன்ஸ்டைனிடம், அவற்றுள் ஒன்றான ஒலியின் வேகம் பற்றிய கேள்வியைக் கேட்டார்கள். புத்தகத்தில் எளிதாகக் கிடைக்கும் தகவல்களைத் தாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்! இன்று பல நேர்காணல்களில் "உனக்கு என்ன தெரியும்?" என்பதைவிட "நீ என்ன செய்தாய்?" என்பதே முக்கியம். ஒரு வேலைக்கு வரும் எல்லாரிடமும் ஒரே வகைக் கேள்விகளைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மனம்போன போக்கில் உரையாடுவதைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது, பிற்காலத்தில் யார் நன்றாக வேலை செய்வார் என்பதைக் கணிக்கக் கூடுதலாக உதவுகிறது. 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹண்டர் என்னும் இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காணலாம். ஆகவே, கேள்விகள் முன்கூட்டியே தெரிந்திருப்பது குறுக்குவழி ஆகாது.

அப்படியானால் மனப்பாடம் செய்துவிடலாமே? அங்குதான் சிக்கல். "நான் குழுவோடு ஒத்துழைக்கக்கூடியவன், கடின உழைப்பாளி, பொறுப்பு மிக்கவன்" என்று ஒரு மாணவன் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறான். கேட்டவர் புன்னகையோடு, "அப்படியா? நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்கிறார். மனப்பாடம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்த பதிலுக்கும் இதே கதிதான். அழகான வாக்கியங்களை அது தரும். உங்கள் வாழ்க்கையில் நடந்ததை அது அறியாது.

தயார்செய்ய வேண்டியவை வாக்கியங்கள் அல்ல, சம்பவங்கள். உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஐந்தாறு சம்பவங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சூழல் என்ன, உங்கள் பணி என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்று நான்கு குறிப்புகள் இருந்தால் போதும். இதை 'ஸ்டார்' முறை என்பார்கள். ஒரே சம்பவம் மூன்று கேள்விகளுக்குப் பதிலாகலாம். இணைப்பாட நடவடிக்கையில் நடந்த ஒரு சச்சரவைத் தீர்த்துவைத்த கதை, தலைமைத்துவத்துக்கும் பொருந்தும், பொறுமைக்கும் பொருந்தும், தோல்விக்குக்கூடப் பொருந்தலாம்.

"என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லையே" என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. பதக்கம் வாங்கியிருந்தால்தான் பேசலாம் என்பது அவர்கள் எண்ணம். பாட்டிக்கு நாள்தோறும் நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் மாணவி, தாதிமைத் துறைக்கு விண்ணப்பிக்கிறாள் என்றால், அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு என்ன வேண்டும்? எத்தனை மருந்துகள், எவற்றைச் சாப்பாட்டுக்கு முன் கொடுக்க வேண்டும், பாட்டி மறுத்தால் எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பாள் என்று அவள் விவரிக்கத் தொடங்கினால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். தேக்கா சந்தையில் மாமாவின் கடையில் வார இறுதியில் உதவுவதும், முதியோர் இல்லத்தில் தொண்டூழியம் செய்வதும் அப்படியே. தமிழ் பேசும் முதியவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேச முடியும் என்பதும் ஒரு திறன்தான். அதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நம் வீடுகளில் இன்னொரு தடையும் இருக்கிறது. "தற்பெருமை பேசாதே" என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், நேர்காணலில் அது வேறு வடிவம் எடுக்கிறது. "நாங்கள் திட்டப்பணி செய்தோம், நாங்கள் பரிசு பெற்றோம்" என்றே மாணவர் பேசிக்கொண்டிருப்பார். அந்த 'நாங்கள்' என்பதற்குள் அவர் செய்தது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. "ஐந்து பேர் கொண்ட குழு. தகவல் திரட்டியவன் நான். முதல் கேள்வித்தாள் சரியாக அமையவில்லை, மாற்றி எழுதினேன்" என்று சொல்வது தற்பெருமை அன்று, தகவல். "நான் மிகவும் திறமைசாலி" என்பதுதான் தற்பெருமை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டால், கூச்சம் பாதி குறைந்துவிடும்.

"உங்கள் பலவீனம் என்ன?" என்னும் கேள்விக்கு, "நான் எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பேன், அதுதான் என் பலவீனம்" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். உண்மையான ஒன்றையும், அதைச் சரிசெய்ய நீங்கள் என்ன செய்து வருகிறீர்கள் என்பதையும் சொன்னால் போதும்.

எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. வீட்டில் தமிழ் பேசுபவர்கள் முதலில் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்லலாம்; கதை தெளிவாக இருந்தால் மொழி பின்னால் வரும். கேட்க ஆளில்லை என்றால், பள்ளியில் உள்ள கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரை அணுகலாம். ஒவ்வொரு முறையும் சொற்கள் சற்று மாறட்டும். மாறினால்தான் நீங்கள் ஒப்பிக்கவில்லை என்று பொருள்.

எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வேலைக்குத் தொடர்பில்லாத சமயம், குடும்பம் போன்றவற்றைப் பற்றி ஒருவர் துருவித் துருவிக் கேட்டால், "இது இந்த வேலைக்கு எப்படித் தொடர்புடையது என்று தெரிந்துகொள்ளலாமா?" எனப் பணிவாகக் கேட்கலாம். வயது, இனம், சமயம், பாலினம், உடற்குறை முதலியவற்றைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான வேலையிட நியாயச் சட்டத்தை 2025 ஜனவரியில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது.

கடைசியில், "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்பார்கள். "ஒன்றும் இல்லை" என்று சொல்லி எழுந்து வருவதுதான் பலரின் வழக்கம். இதற்கும் தயாராகச் செல்லுங்கள். முதல் வாரத்தில் யார் கற்றுக்கொடுப்பார்? வேலை நேரத்தை யார் முடிவு செய்வார்? ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் எவ்வளவு, அது எந்த நாளில் கிடைக்கும்? பணத்தைப் பற்றிக் கேட்டால் பேராசைக்காரன் என்று நினைப்பார்களோ என அஞ்ச வேண்டாம். தொடர்ந்து 14 நாள் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஊழியருக்கு, முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தர வேண்டும் என்பது வேலை நியமனச் சட்டத்தில் 2016 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி. அந்தத் தாளில் சம்பளமும் வேலை நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். அது எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டே எழுந்திருங்கள்.