சாய்ந்த கடையும் சாயாக் கடையும்

இங்கிலாந்தில் ஹிம்லி என்று ஒரு கிராமம். அங்கே ஒரு 'பப்'. 1765-ல் பண்ணை வீடாகக் கட்டி, 1830 வாக்கில் பீர்க்கடையானது. அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டி, கட்டடம் ஒரு பக்கம் நாலு அடி இறங்கிவிட்டது. உள்ளே போகிறவர் குடிக்காமலே தள்ளாடலாம்! மேஜையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டைப் பார்த்து ஓடுகிற மாதிரி இருக்குமாம். பெயரே 'குரூக்கட் ஹவுஸ்', அதாவது கோணல் வீடு.

2023 ஜூலையில் கை மாறியது. ஆகஸ்ட் 5-ம் தேதி ராத்திரி தீப்பிடித்தது. 7-ம் தேதி மிச்சத்தையும் இடித்தே விட்டார்கள். பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவியுங்கள் என்று மனு போயிருந்த நேரம்! ஊரே கூடிக் கொதித்தது. 2024 பிப்ரவரியில் கவுன்சில் உத்தரவு போட்டது: மூன்று வருஷத்துக்குள் பழையபடி கட்ட வேண்டும். உரிமையாளர் தரப்பு அப்பீலுக்குப் போனது.

'சும்மா மிரட்டல்' என்று நினைக்காதீர்கள். லண்டனில் 'கார்ல்ட்டன் டேவர்ன்' என்கிற பப்பை 2015-ல் அனுமதியில்லாமல் இடித்தவர்களை, அச்சு அசலாகத் திரும்பக் கட்ட வைத்தார்கள். 2021-ல் மறுபடி திறந்தாச்சு.

அதே 2023 ஜூனில் நம் அரசு 500 டாஸ்மாக் கடைகளை மூடியது. ஒரு செங்கல்லுக்காவது யாராவது அழுதார்களா? தாய்மார்கள் கும்பிடு போட்டார்கள். நியாயம்தானே! அங்கே நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுவதுதான் வழக்கம். உட்கார்ந்து பேச முடியாத இடத்துக்கு என்ன சரித்திரம்?

அந்த பப்புக்குச் சமமாக நம்மிடம் இருப்பது டீக்கடை. எங்கள் கம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியக் கருக்கலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்களுக்கு முதல் கிளாஸ் அங்கேதான். சுவரில் பென்னிகுக் படம். பெஞ்சில் ஒரே பேப்பர், ஏழெட்டுப் பங்காக. பெரியாறு தண்ணீர், திராட்சை விலை, பெண் பார்க்கிற விஷயம் எல்லாம் அங்கே பைசல்.

இப்போது ஓட்டுக்கூரைக் கடை ஒவ்வொன்றாகக் காம்ப்ளெக்ஸ் ஆகிறது. டீ கிடைக்கிறது, பெஞ்சைத்தான் காணோம். காரணம் கேட்டால் ஒரு மாஸ்டர் சொல்கிறார்: "வாடகை ஏறிப்போச்சுண்ணே. ஒரு டீக்கு ஒரு மணி நேரம் உக்காந்தா எனக்குக் கட்டுமா?"

அவர் கணக்கும் சரிதான். நான் பி.காம்., லாப நஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெஞ்சில் கிடைத்த வேலைத் தகவல், கைமாத்து, சம்பந்தம்... இதெல்லாம் எந்த லெட்ஜரில் வரும், சொல்லுங்கள்?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். அடுத்து அந்தப் பெஞ்சுக்கும் ஒரு மனு போட்டு வைப்போமா? கோணலாக இருந்தாலும் பரவாயில்லை!