கழட்ட முடியாததை வாங்காதீங்க

ஹெட்செட்டுல ஒரு பக்கம் ஸ்பீக்கர் லூசாகி கரகரன்னு சத்தம் வந்தா, பெரும்பாலும் உள்ளே பசை விட்டிருக்கும், அவ்வளவுதான். இதுக்குப் போய் புதுசு ஆர்டர் போடுற பட்டணத்து நண்பர்களோட எனக்குச் சண்டை இருக்கு. உரிமையுள்ள சண்டைதான், கோவிச்சுக்காதீங்க.

பொங்கலுக்கு வந்த அண்ணன் மகன், அவனோட ஹெட்செட்டைக் குப்பையில போடுறதா இருந்தான். ஏதோ ஒரு கடையில காமிச்சானாம். கையில வாங்கிக்கூடப் பார்க்காம, "இதெல்லாம் பிரிக்க முடியாது தம்பி, புதுசு வாங்கிக்குங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். திண்ணையில உட்கார்ந்து நாங்க ரெண்டு பேரும் பிரிச்சோம். அரை மணி நேரம் ஆகலை.

எப்படின்னு சொல்லிடுறேன். காதுல படுற குஷன் நிறைய மாடல்ல ஓரத்துல செருகினதுதான், நகத்தால நெம்பினா வந்துடும். அடியில மூணு நாலு சின்ன ஸ்குரூ. அதைக் கழட்டினா ரெண்டு விரற்கடை அகலத்துல வட்டமா ஸ்பீக்கர் இருக்கும். பள்ளத்துல அசையாம உட்கார்ந்திருக்க வேண்டியது, பசை காய்ஞ்சு ஆடிக்கிட்டிருக்கும். அதுல காந்தம் இருக்கு, ஸ்குரூடிரைவரை வெடுக்குன்னு இழுத்துக்கும். மேலே இருக்கிற மெல்லிசுச் சவ்வுல குத்திடாம பார்த்துக்கணும். பழைய பசையைச் சுரண்டிட்டு, விளிம்புல மட்டும் ரப்பர் பசையை மெல்லிசாத் தடவி உட்கார வெச்சு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. சவ்வுலயும் பின்பக்க ஓட்டையிலயும் பசை படக் கூடாது. சட்டுனு ஒட்டுற பசை வேண்டவே வேண்டாம், தண்ணியா ஓடிப் போய் சவ்வை விறைக்க வெச்சுடும்.

சத்தமே வரலைன்னா ஒயர் விட்டுப்போயிருக்கலாம். அது எங்க பம்ப்செட் மோட்டார் காயில்ல இருக்கிற மாதிரி எனாமல் பூசின செம்புதான், மயிரிழை கனத்துல. எனாமலைப் போக்காம ஈயம் பிடிக்காது. ப்ளூடூத் ஹெட்செட்டுன்னா உள்ளே பேட்டரி இருக்கும், அது பக்கம் மட்டும் கத்தியோ சூடோ போகக் கூடாது.

"இதுக்கெல்லாம் எங்களுக்கு நேரம் ஏதுண்ணே, ஐநூறு ரூபாய்க்குப் புதுசு வருது"ன்னு சொல்வீங்க. ஐநூறு ரூபாய் உங்களுக்குச் சின்னது, சரி. ஆனா நீங்க கேள்வி கேட்காம வாங்க வாங்க, கம்பெனிக்காரன் என்ன கத்துக்கிறான்? ஸ்குரூ வெச்சா செலவு, ஒட்டி மூடிட்டா லாபம், கேட்க ஒருத்தனும் இல்லைன்னு கத்துக்கிறான்.

1960-கள்ல, நாங்க பழைய தஞ்சாவூர் ஜில்லாவா இருந்த காலத்துல, ஆடுதுறை 27 நெல்லைப் பத்தித் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே அது ஊருக்கு ஊர் பரவிச்சு. "ரேடியோ நெல்லு"ன்னே அதுக்குப் பேரு வந்துடுச்சு. ஒரு ஸ்பீக்கர் வழியா வயலுக்கு வந்த விதை! அந்த ரேடியோ கெட்டுப்போனா முதுகைத் திறந்து சரி பண்ணினாங்க. யாரும் தூக்கிப் போடலை.

இது வெறும் ஹெட்செட் விவகாரம்னு நினைக்காதீங்க. 2022 ஜூலையில மத்திய அரசோட நுகர்வோர் துறை, ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு குழு போட்டுச்சு. அவங்க எடுத்துக்கிட்ட நாலு இனம்: விவசாயக் கருவிகள், செல்போனும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வண்டி வாகனம். உங்க போனும் என் டிராக்டரும் ஒரே பட்டியல்ல இருக்கு, பார்த்தீங்களா? அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023-ல சட்டமே போட்டுச்சு, விவசாய மிஷினுக்கு ஸ்பேர், சாஃப்ட்வேர், கையேடு எல்லாத்தையும் கம்பெனி விவசாயிக்குக் கொடுத்தாகணும்னு. பிரான்ஸ்ல 2021-ல, செல்போன், லேப்டாப்புக்கெல்லாம் ரிப்பேர் பண்ண எவ்வளவு சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு விக்கணும்னு விதி கொண்டு வந்தாங்க. இங்கே குழு போட்டதோட நாம மறந்துட்டோம். ஜனங்க கேட்காததை எந்த அரசாங்கமும் தானா வந்து கொடுக்காது.

பட்டணத்துல இருக்கிற உங்க குரலுக்கு மதிப்பு அதிகம். கம்பெனிக்காரன் உங்க முகத்தைப் பார்த்துத்தான் சாமான் செய்யறான். அதனால அடுத்த தடவை வாங்கும்போது கடைக்காரர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க: குஷன் கழறுமா? ஸ்குரூ இருக்கா? ஸ்பேர் கிடைக்குமா? இல்லைன்னா வாங்காம திரும்பி வாங்க. இன்னிக்கு உங்க காதுல இருக்கிற சாமானைப் பிரிக்க விடாதவன், நாளைக்கு என் அறுப்பு மிஷினையும் பிரிக்க விடமாட்டான். குறுவை அறுக்கிற நேரத்துல மிஷின் நின்னா, கம்பெனி மெக்கானிக் லேப்டாப்போட வர்ற வரைக்கும் ஐப்பசி மழை காத்துக்கிட்டு நிக்காது.