கணக்கில் வாராத எரிபொருள்

ஆகாய விமானத்தில் எரிபொருளைப் பற்றிய கணக்கு மிக எளியது. எந்திரங்கள் செலவிட்ட அளவையும் தொட்டிகளில் எஞ்சிய அளவையும் கூட்டினால், புறப்பட்டபோது இருந்த அளவு கிடைத்தல் வேண்டும். கூட்டுத்தொகை குறையுமாயின் எரிபொருள் வேறு வழியில் வெளியேறுகிறது, அல்லது அளவுக் கருவி பழுதாயிருக்கிறது. இவ்விரண்டில் எதை முதலில் நம்புவது என்பதில் பல உயிர்களின் கதி அடங்கியுள்ளது.

2001 ஆகஸ்ட் 24 அன்று கனடாவின் டொரான்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் சென்ற ஏர் டிரான்சாட் விமானத்தில் இக்கேள்வி எழுந்தது. வலப்புற எந்திரத்தில் பொருந்தாத உறுப்பு ஒன்று பொருத்தப்பட்டதால் இரு குழாய்கள் உராய்ந்து, எரிபொருட் குழாய் வெடிப்புற்றது. இருபுறத் தொட்டிகளும் சமமாக இல்லை என எச்சரிக்கை தோன்றியதும், இடப்புறத்து எரிபொருள் வலப்புறத்திற்குத் திருப்பப்பட்டது. அதுவும் கசிவின் வழியே வெளியேறிற்று. கருவி பொய் சொல்கிறதோ என்ற ஐயம் விமானிகளுக்கு இருந்தது. இரு எந்திரங்களும் அட்லாண்டிக் கடலின்மேல் ஓய்ந்தன. சுமார் 19 நிமிடம் மிதந்து வந்த விமானம் அசோர்ஸ் தீவுகளிலுள்ள லாஜஸ் தளத்தில் இறங்கியது. அனைவரும் உயிர் தப்பினர்.

கசிவே இல்லாமலும் கணக்குத் தவறலாம். 1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஐதராபாத் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், அங்கே பார்வைத் தெளிவு இன்மையால் இறங்க இயலாமல் திரும்பியது. இறங்குவதற்காக நீட்டிய இறக்கை மடல்கள் மீண்டும் மடங்கவில்லை. காற்றின் தடை பெருகியது. அதே தொலைவுக்கு மிகுதியான எரிபொருள் செலவாயிற்று. சென்னையை அடையுமுன் அது தீரவே, திருப்பதி அருகே வயலில் விமானம் இறக்கப்பட்டது. அதிலிருந்த 262 பேரும் பிழைத்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் விமானிகளின் இறக்கும் திறன் புகழத்தக்கதே. ஆயினும் அப்புகழ் பாடத்தை மறைத்துவிடலாகாது. விளக்கம் கிடைக்காத இழப்பை, மறுப்பதற்குச் சான்று கிடைக்கும்வரை, உண்மையான இழப்பாகவே கொள்ள வேண்டும். கருவியைச் சந்தேகிப்பது தவறன்று. அதைச் சோதிக்க வேறோர் அளவு வேண்டும். காரணம் தெரியுமுன் நல்ல தொட்டியைப் பழுதுள்ள பக்கத்துடன் இணைத்தலும் கூடாது. பழைய செலவு வீதத்தை மாறிய நிலைமைக்குப் பொருத்தவும் கூடாது.

இந்த நெறி விமானிகளுக்கு மட்டும் உரியதன்று. திருப்பதிக்குத் தென்மேற்கே, கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையை அடுத்து மார்க்கண்டேய நீர்த்தேக்கம் உள்ளது. இத்தகைய தேக்கத்தில் வந்த நீர், மதகு வழியே சென்ற நீர், ஆவியான நீர், எஞ்சிய நீர் ஆகியவை ஒத்துவராவிடில், அளவுகோலைக் குறை கூறிவிட்டு வீடு திரும்பும் களப்பணியாளர் கரையிலுள்ள கசிவைக் காணத் தவறலாம். அருகிலுள்ள தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அத்தொழிலிலும் தாதுவில் இருந்த தங்கம், பிரித்தெடுத்த தங்கமும் கழிவு மணலில் தங்கியதும் சேர்ந்த அளவுக்கு ஈடாக வேண்டும் என்பதே அடிப்படைக் கணக்கு.

பள்ளிகளில் கூட்டலும் கழித்தலும் விடை காண்பதற்கே கற்பிக்கப்படுகின்றன. விடையைச் சந்தேகிப்பதற்குக் கற்பிக்கப்படுவது குறைவு. ஆசிரியர் ஒரு வாளியில் நீரை அளந்து ஊற்றி, பக்கத்தில் சிறு துளையிட்டு, சற்று நேரங்கழித்து எஞ்சியதை மாணவரையே அளக்கச் செய்யலாம். குறைந்த நீர் எங்கே என்று கேட்கும் பழக்கம் சிறு வயதில் வேரூன்றுமாயின், பிற்காலத்தில் அவர் விமானத்தில் அமர்ந்தாலும் ஏரிக்கரையில் நின்றாலும், ஒத்துவராத எண்ணைக் கண்டு வாளா இரார்.