நம் இரத்தம் என்பதால் நூற்றுக்கு நூறா?



2024 செப்டம்பர் 10-ஆம் தேதி பிலடெல்பியாவில் கமலா ஹாரிசும் டோனல்ட் டிரம்பும் மோதிய அதிபர் வேட்பாளர் விவாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கமலாவின் தாயார் சியாமளா கோபாலன் ஒரு தமிழ்ப் பெண். அதனால், "நம்ம பொண்ணு அவரை மடக்கிட்டா!" என்று பூரித்தோம். ஆனால், அவர் அங்கே செய்தது என்ன என்று நிதானமாக எடை போட்டோமா?

நான் வழக்கறிஞன். அவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்து விடுகிறேன். மேடை ஏறியதும் அவரே நடந்து போய் எதிரிக்குக் கை கொடுத்தார். "உங்கள் கூட்டத்திலிருந்து மக்கள் அலுத்துப் போய்ப் பாதியிலேயே கிளம்புகிறார்கள்" என்று தூண்டில் போட்டார். டிரம்ப் அப்படியே கவ்வினார். குறுக்கு விசாரணை என்று பார்த்தால் அருமை! சிஎன்என் உடனே எடுத்த கருத்துக்கணிப்பில் 63 விழுக்காட்டினர் கமலாவே வென்றார் என்றனர்.

அந்த ஆத்திரத்தில்தான் டிரம்ப் ஒரு பொய்யைக் கக்கினார். ஓஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் வந்து குடியேறியவர்கள் ஊர்க்காரர்களின் நாயையும் பூனையையும் தின்கிறார்களாம்! அவர் குறி வைத்தது ஹைத்தியிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களை.

அதை மறுத்தது யார்? விவாதத்தை நடத்திய செய்தியாளர் டேவிட் முயர். நம்பத்தகுந்த தகவல் எதுவுமில்லை என்று நகர நிர்வாகியே சொன்னதை அவர்தான் எடுத்துக் கூறினார்.

கமலா? சிரித்தார். தம் முறை வந்ததும், இதுதான் தீவிரம் என்று ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த வாக்கியமே, 200 குடியரசுக் கட்சிக்காரர்கள் தம்மை ஆதரிக்கும் பெருமை! அங்கே டிக் செய்னியின் பெயர் வந்தது. ஹைத்தி மக்களுக்காக ஒரு வரி வரவில்லை. தாய் இந்தியாவிலிருந்தும் தந்தை ஜமைக்காவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். அவர்களின் மகள் பேச வேண்டிய இடம் அதுவல்லவா?

அதே வாரத்தில் ஸ்பிரிங்பீல்ட் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

பின்னர் இனம் குறித்துக் கேட்டபோது கமலா நன்றாகவே பேசினார். மறுக்கவில்லை. ஆனால், அடி விழும் நேரத்தில் குறுக்கே நிற்பவர்தானே நமக்கு வேண்டும்? பேசினால் வாக்கு போய்விடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பேசாமல் இருந்தாரே, வென்றாரா? நவம்பரில் அவருக்குக் கிடைத்தது 226 தேர்தல் வாக்கு, டிரம்புக்கு 312.

"பெண்டாத்தாங்" என்ற சொல்லின் சூடு நமக்குத் தெரியும். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த நம்மவர்களில் எத்தனை பேர் அப்போது வாய் திறந்தார்கள்?

ஆகவே மக்களே, அடுத்த தேர்தலில் தமிழ்ப் பெயரோடு ஒருவர் உங்கள் அடுக்குமாடி வாசலில் வந்து கைகூப்பினால், பேச்சுத் திறனுக்கும் இரத்தத்துக்கும் மதிப்பெண் போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"எங்களை இழிவாகப் பேசியபோது நீங்கள் வாய் திறந்தீர்களா?"

பதில் வராவிட்டால் கதவைச் சாத்துங்கள்!