துணைக்கு யாரு?

"தெருநாய் மாதிரி ஊர் சுத்தப் போறியா?"

டிசம்பர் கடைசியில் கேதார்கந்தா மலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் பெரியம்மா கேட்டது இது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. புளியைக் கரைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். அடுத்த கேள்வி உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "துணைக்கு யாரு?"

எனக்கு வயது 34. சொந்தச் சம்பாத்தியம். என் அண்ணன் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு வெள்ளியங்கிரி ஏறிவிட்டு வந்தான். போகும்போது யாரும் அவனிடம் துணையைப் பற்றிக் கேட்கவில்லை. வந்தபோது கால் வலிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள்.

ஊர் சுற்றும் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். ஊர் மேய்கிறவள். அவிழ்த்துவிட்ட மாடு. தெருநாய். ஒரு பெண் வீட்டு வேலைக்கோ கோயிலுக்கோ அல்லாமல் சும்மா நடந்தால், அவளை ஏச ஆடுமாடுகளையும் நாய்களையும் தேடிப் போகிறோம். அதனால் நானும் நாய்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

கேதார்கந்தா உத்தராகண்டில், உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 12,500 அடி. டேராடூனிலிருந்து ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க வண்டியில் போனால் சாங்க்ரி என்ற கிராமம் வரும். அங்கிருந்து நடை. பனிக்காலத்தில் ஏற முடிகிற மலை என்பதால் டிசம்பர், ஜனவரியில்தான் கூட்டம் அதிகம். எங்கள் குழுவில் 18 பேர், அதில் ஏழு பேர் பெண்கள். ஏற்பாடு செய்தவர்கள் கிளம்புவதற்கு முன்பு எல்லோருக்கும் போன் செய்தார்கள். "வீட்டில் தெரியுமா?" என்ற கேள்வி எங்கள் ஏழு பேருக்கு மட்டும் வந்தது. அதை முகாமில் சூப் குடிக்கும்போது ஒருவரோடொருவர் பேசித்தான் தெரிந்துகொண்டோம்.

சாங்க்ரியை விட்டுக் கிளம்பியதுமே மூன்று நாய்கள் எங்களோடு சேர்ந்துகொண்டன. கழுத்தைச் சுற்றி அடர்ந்த ரோமம் கொண்ட மலைநாய்கள். யாருடைய நாய்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். யாருடையதும் இல்லை, கூட்டம் ஏறினால் கூடவே ஏறும், இறங்குகிற கூட்டத்தோடு இறங்கும் என்றார். அதில் கறுப்பு ஒன்று பெட்டை. முதல் இரவு ஜூடா கா தலாப் ஏரியருகே எங்கள் கூடாரத்தின் வாசல் துணியை ஒட்டிச் சுருண்டு படுத்துக்கொண்டது. குழுவில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நாய் இருக்கு, இனி உங்களுக்குப் பயமில்ல" என்றார். நாங்கள் பயப்படுகிறோம் என்று அவரிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை. ஒரு பெட்டை நாய் இருந்தால் துணை. ஏழு பெண்கள் ஒன்றாக இருந்தால், துணையில்லாத ஏழு பேர்.

மறுநாள் பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கும் முகாமுக்குப் போனோம். அங்கே இரண்டு பேருக்குத் தலைவலி வந்தது. ஒருத்தி மதுரையிலிருந்து வந்திருந்த தோழி. வந்த உடனே வழிகாட்டியிடம் சொன்னாள். அவளை உட்காரவைத்து ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். செய்ய வேண்டியது அதுதான். ஆனால் உணவுக் கூடாரத்துக்குள் அவள் நுழைந்தபோது பேச்சு நின்றது. "முடியாதுன்னா எதுக்கு வரணும்? ஒருத்தரால எல்லாருக்கும் லேட்டு" என்று ஒருவர் காதில் விழும்படியே சொன்னார்.

இன்னொரு தலைவலி அப்படிச் சொன்னவருக்கே. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நள்ளிரவில் வாந்தி எடுத்து, நடை தள்ளாடி, இரண்டு உதவியாளர்கள் கைத்தாங்கலாகப் பிடித்து இருட்டிலேயே கீழே இறக்கினார்கள். உயரத்தால் வரும் நோய் யாரையும் விட்டுவைக்காது. உடற்பயிற்சிக்கூடம் போகிற உடம்பையும் அடிக்கும். அதற்கு முதல் மருந்து, மறைக்காமல் சொல்வது. முற்றினால் உடனே கீழே இறங்குவது. மதுரைத் தோழி செய்தது மலையேறத் தெரிந்தவள் செய்வது. அவர் செய்தது அவர் உயிருக்கும், அவரைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கியவர்களின் உயிருக்கும் ஆபத்து. ஆனாலும் மறுநாள் "ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று யாரும் கேட்கவில்லை. "பாவம், உடம்புக்கு முடியல" என்றார்கள். ஆண் விழுந்தால் அது விபத்து. பெண் விழுந்தால் அது நிரூபணம்.

இது இன்றைய கதை மட்டுமல்ல. மெட்டா பிரவூர்ட் என்ற அமெரிக்கப் பெண் 19ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறினார். கூட வந்தவர் அவருடைய சகோதரி மகன் கூலிட்ஜ். அந்தப் பையனுக்கு ஒரு வழிகாட்டி 1868இல் பரிசாகக் கொடுத்த சிங்கெல் என்ற நாயும் பல சிகரங்களுக்கு அவர்களோடு ஏறியது. அதுவும் பெட்டைதான். 1874 ஜனவரியில், கடும் பனியில், வெட்டர்ஹார்ன், யுங்ஃபிராவ் என்ற இரண்டு சிகரங்களையும் பனிக்காலத்தில் முதன்முதலில் ஏறிய குழுவில் மெட்டா இருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

லண்டனில் இருந்த ஆல்பைன் கிளப் பெண்களைச் சேர்க்காது. மெட்டா எழுதிய ஒரு மலையேற்றக் கட்டுரை 1872இல் அந்தக் கிளப்பின் இதழில் வந்தது. கீழே இருந்த பெயர் கூலிட்ஜுடையது. ஏறியவள் அவள், எழுதியவள் அவள், கையெழுத்து அவனுடையது. சிங்கெலையோ, கிளப்பின் கௌரவ உறுப்பினர் என்று செல்லமாகச் சொல்வார்களாம். விளையாட்டாகத்தான் சொன்னார்கள், சரி. ஒரு நாய்க்கு விளையாட்டாகவாவது கிடைத்த இடம், அதோடு ஏறிய பெண்ணுக்கு எந்த வகையிலும் கிடைக்கவில்லை. அந்தக் கிளப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1970கள் வரை ஆனது.

"இதெல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தானே" என்பார்கள். பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்களும் இறந்தார்கள், பெண்களும் இறந்தார்கள். தீக்காலத்தில் காட்டுப்பாதையில் யார் யாரை அனுமதிப்பது, யார் எச்சரிப்பது, எந்த வழியாகத் தப்பி ஓடுவது என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டவர்களும் உண்டு. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு வந்த முதல் கேள்வி, "பொம்பளப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" என்பதுதான். அதற்கு ஒன்பது பேர் கைகூப்பிப் பதில் போட்டிருந்தார்கள். செத்தவர்களைக்கூடக் குற்றவாளியாக்கிவிட முடிந்தது. அதற்குப் பின் மூன்று வருடம் என்னை எந்த மலைக்கும் விடவில்லை. நானும் போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கம்.

வீட்டில் உட்காரவைப்பது பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு என்றால் என்ன என்று அந்தப் பனியில் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை. கழிப்பறைக் கூடாரம் ஆண்களின் கூடாரங்களைத் தாண்டி, விளக்கில்லாத சரிவில் இருந்தது. உயரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உடம்புக்குக் கேடு என்று காலையில் பாடம் எடுத்தவர்களே அந்தக் கூடாரத்தை அங்கே போட்டார்கள். எங்களில் இருவருக்கு மாதவிடாய். உறைந்த விரல்களால் மாற்றிய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, மலையில் வீசாமல், பைக்குள் வைத்துக் கீழே கொண்டுவந்தோம். அதைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் நாங்களே போய்க் கேட்டோம். கூடாரத்தை இடம் மாற்றினார்கள், ஒரு விளக்கு கட்டினார்கள். பத்து நிமிட வேலை. அன்றிரவு எல்லோரும் தண்ணீர் குடித்தோம்.

கேட்க வேண்டியது இதைத்தான். கழிப்பறை எங்கே? வழிகாட்டிகளில் பெண்கள் எத்தனை பேர்? அவசரமென்றால் கீழே இறக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? துணைக்கு யார் என்பதும், வீட்டில் தெரியுமா என்பதும் பாதுகாப்புக் கேள்விகள் அல்ல. அவை அனுமதிச் சீட்டு கேட்கும் கேள்விகள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். சாங்க்ரிக்கு மேலே ஏறும்போது கிராமத்துப் பெண்கள் முதுகில் விறகுச் சுமையோடு எதிரே இறங்கி வந்தார்கள். நான் வாடகைக்கு எடுத்த பூட்ஸில் வழுக்கிய இடத்தில் அவர்கள் சாதாரணச் செருப்பில் நடந்தார்கள். அவர்களிடம் யாரும் துணைக்கு யார் என்று கேட்பதில்லை. சுமையோடு நடக்கிற பெண்ணை எந்த ஊரும் தடுக்காது. கையை வீசிக்கொண்டு நடக்கிற பெண்தான் ஊருக்குப் பிரச்சினை. "பெண்ணால் முடியுமா" என்ற கேள்வி பொய் என்பதற்கு அவர்களைவிட வேறு சாட்சி வேண்டாம். முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுக்காக முடியக் கூடாது என்பதுதான் விஷயம்.

உச்சிக்கு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். நெற்றி விளக்குகளின் வெளிச்சத்தில் கறுப்பு நாய் முன்னே போய், நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தது. மதுரைத் தோழி எனக்கு முன்னால், ஒரே சீராக, மெதுவாக ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது ஸ்வர்காரோஹிணிப் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும் என்று நம் ஊரில் கேட்பார்கள். நாங்கள் ஏழு பேர் இருந்தோம், ஒரு பெட்டை நாய் இருந்தது, பொழுது விடிந்தது.

நான் மலையை வெல்லவில்லை. மலை அங்கேயேதான் இருக்கிறது. மகளிர் தினத்துக்குச் சலுகை விலையில் விற்கப்படும் துணிச்சலும் எனக்கு வேண்டாம். ஒரு பெண் காரணம் சொல்லாமல் நடந்துவிட்டு, காரணம் சொல்லாமல் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஊருக்கு வந்ததும் பெரியம்மாவிடம் போனில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நாய் படத்தில் நின்றார். "இதுக்கு யாரு துணை?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அறுபத்தொரு வயதில், தான் பழனியைத் தாண்டி எந்த மலையும் ஏறியதில்லை என்று சொன்னார்.

அடுத்த ஜனவரிக்கு அவருக்கும் சேர்த்து இடம் போடப் போகிறேன். கேதார்கந்தா வேண்டாம், அவர் முழங்காலுக்கு ஏற்ற ஒரு சின்ன மலை போதும். பெரியப்பாவிடம் அனுமதி கேட்கப் போவதில்லை. தகவல் மட்டும் சொல்வோம்.