இரத்தம் எடுக்கும் கை

வைத்தியசாலையிலிருந்து இரத்தப் பரிசோதனைத் தாள் வந்து சேர்ந்தால், வீட்டிலுள்ளோர் அதனைச் சுற்றிக் கூடி ஒவ்வோர் எண்ணாக வாசித்துப் பார்ப்பது வழக்கம். அவ்வெண்களைத் தந்தது ஆய்வுகூடத்து இயந்திரம் என்றே யாவரும் எண்ணுகின்றனர். ஆனால் அவை சரியாகவோ பிழையாகவோ அமைவதற்குரிய காரணங்களுட் பல, இயந்திரத்தை அடையுமுன்னரே, நோயாளியின் கையருகில் நிகழ்ந்துவிடுகின்றன. தாதியராகவோ மருத்துவ உதவியாளராகவோ பணியாற்ற விரும்பும் மாணவர் சிலர், ஊசி குத்தப் பழகுவது கடினமோ என எம்மிடம் வினவுவதுண்டு. குத்துவது அத்துணைக் கடினமன்று. அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவற்றை ஒருநாளும் மறவாதிருத்தலே கடினம்.

மேற்கையில் இறப்பர்ப் பட்டி கட்டுவது எதற்கு? இதன் பொருளை விளக்கியவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர். அக்காலத்தில் நோய் தீர்ப்பதற்கென இரத்தத்தைக் கழிக்கும் வழக்கம் இருந்தது; அதற்காகக் கையைக் கட்டுவதும் இருந்தது. கட்டினால் நாளங்கள் ஏன் புடைக்கின்றன என்பதைத் துருவி ஆராய்ந்து, 1628 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலத்தீன் நூலில் அவர் விடை கூறினார். மிக இறுக்கிக் கட்டினால், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாடியே அடைபட்டுக் கை குளிர்ந்துபோகும். சற்றுத் தளர்த்தினால், ஆழத்திலோடும் நாடி வழியே இரத்தம் கைக்குட் புகும். மேலோட்டமான நாளங்கள் வழியே திரும்ப இயலாது தேங்கும். இரத்தம் உடலிற் சுற்றி வருகின்றது என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. இன்றும் பட்டி கட்டியபின் மணிக்கட்டில் நாடித்துடிப்பு இருத்தல் வேண்டும்; இல்லையேல் கட்டு மிகையானது.

அக்கட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. நேரம் நீளின் இரத்தத்திலுள்ள நீர் நாளத்திலிருந்து கசிந்து வெளியேற, எஞ்சியது செறிவடைகின்றது. புரதமும் கல்சியமும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். நோயாளியை ஓயாது கையைப் பொத்தி விரிக்கச் சொல்வதும் தீது. அதனாற் பொற்றாசியத்தின் அளவு உயரும். நாளம் தெரியவில்லையென்று கையிலே தட்டுவோரையும் பலர் கண்டிருப்பர். நாளத்தைக் கண்ணாற் காண்பதைவிட விரலால் உணர்வதே மேல். முழங்கை மடிப்பின் நடுவிலுள்ள நாளம் இதற்கு மிகவும் ஏற்றது. சிறுவிரற் பக்கமாக உள்ளதன் அருகே நாடியும் நரம்பும் செல்வதால், அதனை இறுதியாகவே நாடவேண்டும். நாளத்தினுள் மருந்துநீர் ஏறிக்கொண்டிருக்கும் கையில் இரத்தம் எடுப்பின், அந்நீரும் கலந்து அளவுகளைக் குழப்பிவிடும்.

மதுசாரம் தடவிய இடம் தானாக உலர ஏறத்தாழ 30 வினாடி பொறுத்தல் வேண்டும். வாயால் ஊதுவதும் மீண்டும் விரலால் தொடுவதும் தூய்மையைக் கெடுக்கும். ஊசியின் சரிந்த முகம் மேனோக்க, 30 பாகைக்கு மேற்படாத சாய்வில் அதனைச் செலுத்துதல் முறை.

நிற மூடியிட்ட குழாய்களை நிரப்புவதற்கு ஓர் ஒழுங்குண்டு: முதலில் இளநீலம், பின்னர் சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, ஈற்றில் சாம்பல். இதனை வெறும் சம்பிரதாயமென்று கருதுவோர் உளர். ஊதாக் குழாயில் இரத்தம் உறையாதிருக்க இடப்பட்டுள்ள உப்பு பெரும்பாலும் பொற்றாசியம் கொண்டது. அது கல்சியத்தையும் பற்றிக்கொள்ளும். அதில் ஒரு சிறு துளி அடுத்த குழாயிற் கலந்தாலும், நோயாளிக்குப் பொற்றாசியம் அபாயமாக உயர்ந்துவிட்டதெனத் தாள் கூறும். இதயம் நின்றுவிடுமோ என வைத்தியர் அஞ்சி, இல்லாத நோய்க்கு மருந்திடவும் கூடும்! இளநீலக் குழாயிலோ ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு இரத்தம் சேரவேண்டும். குறைய நிரப்பின் விடை பிழைக்கும். குழாய்களை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துக் கலக்கவேண்டுமேயன்றிக் குலுக்குதல் ஆகாது. குலுக்கினால் செங்குருதிக் கலங்கள் உடைந்து, அவற்றினுள்ளிருக்கும் பொற்றாசியம் வெளிப்படும்.

இவை யாவற்றினும் கொடியது பெயர் மாறுதல். "நீங்கள் இன்னாரோ?" என்று கேட்டால், காது மந்தமான முதியவரும் கலக்கமுற்ற தாயும் "ஓம்" என்றே தலையசைப்பர். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லக் கேட்டல் வேண்டும். குழாயிற் பெயர்ச்சீட்டை ஒட்டுவதும் இரத்தம் எடுத்தவுடன், நோயாளியின் அருகை விட்டு அகலுமுன்னரே செய்யவேண்டியது. இரத்த வகைகள் உண்டென்பதைக் கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901 இல் வெளியிட்டார். அதற்காக 1930 இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வறிவு முழுவதும் ஒரு சீட்டு மாறியதால் வீணாகலாம். ஒருவருடைய குழாயில் மற்றவர் பெயர் இருப்பின், பொருந்தாத இரத்தம் ஏற்றப்பட்டு உயிரே போகக்கூடும். தம் பெயரைச் சரியாக எழுதினார்களா என எட்டிப் பார்க்கும் நோயாளியை எவரும் கடிந்துகொள்ளலாகாது.

பட்டியை அவிழ்த்த பின்னரே ஊசியை எடுத்தல் வேண்டும். பஞ்சை வைத்துக் கையை நீட்டியபடியே அழுத்துக. முழங்கையை மடக்கி வைத்திருக்கும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. அதனால் இரத்தம் உட்கசிந்து தோல் கறுத்துப்போவதுண்டு. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிட முனைவோர் தம் விரலையே குத்திக்கொள்வர். ஈரலை வாட்டும் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எயிட்ஸ் நோய்க் கிருமியும் அவ்வழியே தொற்றக்கூடும். ஊசியை அதற்குரிய கடினமான பெட்டியில் உடனே இடுதல் வேண்டும். தவறிக் குத்திவிட்டால் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, தாமதியாது மேலதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும்.

முன்பு இரத்தம் எடுத்தபோது மயக்கமுற்றதுண்டோ என்று தொடக்கத்திலேயே வினவி, உண்டெனில் படுக்கவைத்து எடுப்பது நன்று. இருமுறை முயன்றும் நாளம் அகப்படவில்லையாயின், மூன்றாம் முறை தாமே குத்தாது, கைதேர்ந்த வேறொருவரை அழைத்தல் வேண்டும்.