41-வது வெர்ஷனும் ஒரு மூங்கிலும்

கன்ட்ரோல் இசட் இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா உங்களால்? சத்தியமா என்னால் முடியாது. படிப்பது மெக்கானிக்கல். கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டால், மூன்று முறை அழித்துவிட்டுத்தான் அடுத்த கோடு. போன செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஒரு கியர்பாக்ஸ் வரைந்தேன். 41 வெர்ஷன்! 42-ஐச் சரிபண்ணிக்கொண்டு இருந்தபோதே சப்மிட் பண்ணும் நேரம் முடிந்துவிட்டது. டீமில் 4 பேர். என்னால் மற்ற மூன்று பேருக்கும் மார்க் போச்சு. அதில் ஒருத்தி என் பெஸ்ட் ஃப்ரெண்ட். இன்றுவரை பேசவில்லை.

இந்த மூடில் இருந்தவளைத்தான், "ஒரு சீன ஓவியரைப் போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பினார் எடிட்டர்.

தோ பாயோவில் ஒரு வீவக புளோக், ஒன்பதாவது மாடி. ஹால்தான் ஸ்டூடியோ. சோபா கிடையாது, டிவி கிடையாது. பெரிய மேசை, அதன்மேல் கம்பளி விரிப்பு, அவ்வளவுதான். ஓவியருக்கு 76 வயது. பெயர் போடக்கூடாது என்பது கண்டிஷன். அதனால் அவருடைய மாணவர்கள் மாதிரியே நானும் 'லாவ்ஷி' என்றே கூப்பிட்டேன். சீனத்தில் ஆசிரியர் என்று அர்த்தம்.

"எஞ்சினியரா? முதல்ல மை அரை!"

புகைக்கரியையும் விலங்குப் பசையையும் கலந்து காயவைத்த கட்டிதான் மை. கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனம் அரைப்பது மாதிரி வட்டமாக அரைக்க வேண்டும. பத்தே நிமிஷத்தில் கை விட்டுப்போச்சு.

"பாட்டில்லயே மை விக்குதே லாவ்ஷி?"

"விக்குது. பாட்டில் வாங்கிட்டா நான் எப்ப யோசிக்கிறது?"

அரைக்கிற நேரம்தான் படம் மனசுக்குள் முடிவாகும் நேரமாம். 11-ம் நூற்றாண்டில் மூங்கில் வரைவதில் பேர்போனவர் வென் டோங். தூரிகையைத் தொடும் முன்பே அவர் நெஞ்சுக்குள் மூங்கில் முழுசாக வளர்ந்திருக்கும் என்பார்கள். ஒரு வேலையைத் தெளிவோடு ஆரம்பிப்பவரைப் பற்றிச் சொல்ல, சீனர்கள் இன்றும் அந்த மூங்கிலைத்தான் இழுக்கிறார்கள். எனக்கோ 41 வெர்ஷன் வரைந்தும் நெஞ்சுக்குள் ஒரு கியர்கூட வளரவில்லை!

அடுத்தது தாள். ஷுவான் தாள். சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. பதப்படுத்தாத ஷுவானில் தூரிகை ஒரு விநாடி நின்றாலும் மை நாலா பக்கமும் பரவிவிடும். நம்ம கேப்பில்லரி ஆக்‌ஷன்தான் பாஸ்! அழிக்கவும் முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது.

லாவ்ஷி தூரிகையை இளம் மையில் நனைத்து, நுனியை மட்டும் கறுப்பில் தொட்டார். கீழிருந்து மேலே ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம்... ஒரு கணு! இன்னொரு தள்ளு, இன்னொரு கணு. அழுத்தி, இழுத்து, தூக்கினால் இலை. இரண்டு நிமிஷத்தில் ஒரு மூங்கில் நின்றது.

அடுத்த படம் பாதியில் இருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "எத்தனை வருஷமா வரையறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் நிமிர்ந்தார். தூரிகை நின்றது. பொதக்கென்று ஒரு கறுப்புப் பூதம்!

சினிமா மாதிரி அதைப் பாறையாக மாற்றிக் கைதட்டல் வாங்குவார் என்று காத்திருந்தேன். ம்ஹும். தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

"சாரி லாவ்ஷி..."

"நீ கேட்டே. நின்னது என் கைதானே?"

"பாறையா மாத்தியிருக்கலாமே?"

"மாத்தலாம். பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! தப்பு தப்புதான். ஒத்துக்கிட்டு அடுத்த தாளை எடுக்கணும்."

உங்கள் பர்ஸில் 50 வெள்ளி நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். 1999-ல் வந்த வரிசை நோட்டு. அதில் கொடியில் தொங்கும் இரண்டு கிப்பன் குரங்குகள், 1948-ல் சிங்கப்பூர் வந்த சென் வென் சி வரைந்தவை. கிப்பன்களை வீட்டிலேயே வளர்த்துக் கவனித்தவர் அவர். அவரே ஆரம்பத்தில் வால் வைத்து வரைந்திருக்கிறார்! கிப்பனுக்கு வால் கிடையாது என்று ஒருவர் சொன்னதும் ஒப்புக்கொண்டு, அதன்பிறகு உற்றுப் பார்த்து வரைந்தாராம். இதைச் சொல்லும்போது லாவ்ஷிக்கு அப்படி ஒரு சிரிப்பு.

கிளம்பும்போது மூலையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த பழைய பேப்பரைக் காட்டினார். தினமும் காலையில் அதில்தான் பயிற்சி. பக்கத்து வீட்டுத் தமிழ் ஆன்ட்டி தரும் பேப்பரும் அதில் உண்டு. ஒன்றை உருவினால்... போன மாசம் நான் எழுதிய கட்டுரை! என் பெயருக்கு மேலேயே அம்சமாக ஒரு மூங்கில் இலை.

"இந்தத் தாள் மையை நல்லாக் குடிக்குது" என்றார். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த பெரிய பாராட்டு இதுதான் மக்களே!

எம்ஆர்டியில் ஏறியதும் போனை எடுத்தேன். என் ஃப்ரெண்டுக்கு எழுதிய சாரி மெசேஜ் மூன்று வாரமாக டிராஃப்ட்டிலேயே கிடக்கிறது. எத்தனையாவது வெர்ஷன் என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றிலும் 'ஆனா', 'ஏன்னா' என்று பாறை பாறையாக வரைந்து வைத்திருக்கிறேன். மொத்தத்தையும் அழித்துவிட்டு, "தப்பு என்னோடதுதான். சாரிடி" என்று மட்டும் அடித்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.